நர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்காக: கொங்கு நாட்டு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான வகுப்பாசிரியர்களுக்கும்,

போன மாதம் எங்கள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். முப்பத்தாறு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ பிள்ளைகளிடம் நர்சிங் படிப்பைப் பற்றி ஒரு பீரியடு பேச அனுமதி கேட்டேன். "அதெல்லாம் ஒரு காலேஜ்காரங்க போன வாரமே வந்து பேசீட்டாங்களே சிஸ்டர். புள்ளைங்க பேரு, போன் நெம்பரெல்லாம் எழுதி வாங்கீட்டுப் போயிட்டாங்க" என்றார்கள். அவர்கள் விட்டுப்போன நோட்டீஸ் மேஜைமேல் கிடந்தது. 'ஒரே வருடத்தில் நர்சு. 100 சதவீத வேலை உறுதி. அரசு பதிவு பெற்றது.'

அந்த நோட்டீஸ் எனக்குப் புதிதல்ல. அதே இடத்தில் எழுபதாயிரம் ரூபாய் கட்டிப் படித்து முடித்த பெண் ஒருத்தி என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவளையும் உங்களில் ஒருவருடைய வகுப்பறையில் வைத்துத்தான் சேர்த்தார்கள். எந்தப் பள்ளி, எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஒரு பள்ளியோடு போகிற விஷயமாக இருந்தால் நேரில் பேசித் தீர்த்திருப்பேன். ஆனால் தாராபுரம், கோபி, பவானி, பொள்ளாச்சி என்று என்னோடு வேலை பார்த்த சிஸ்டர்கள் எந்த ஊரிலிருந்து பேசினாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் அம்மா தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போகிறவர். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். மகளிர் குழுவில் நாற்பதாயிரம் கடன் வாங்கி, அம்மாவின் தோட்டை முப்பதாயிரத்துக்கு அடகு வைத்துக் கட்டிய பணம் அது. படித்து முடித்ததும் ஒருநாள் பொழுதோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட சான்றிதழ். "அத்தைங்க, கவர்மெண்டு ஆஸ்பத்திரி நர்சு வேலைக்கு எப்படீங்க எழுதிப் போடறது?"

வாங்கிப் பார்த்தேன். தங்க நிற முத்திரை, மூன்று கையெழுத்து, நீளமாக ஒரு பதிவு எண். 'நர்சிங்' என்பது கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே 'அசிஸ்டென்ட்' என்பது பொடி எழுத்தில். அந்தப் பதிவு எண் யாருடையது என்று உற்றுப் படித்தால், நிறுவனத்தை நடத்துகிற அறக்கட்டளையுடையது. அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். அந்த எண்ணுக்கும் நர்சிங் படிப்பு நடத்துகிற அனுமதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'அரசு பதிவு பெற்றது' என்று நோட்டீசில் போட்டிருப்பது அதைத்தான்.

"கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நெம்பர் எங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"அப்படீன்னா என்னங்க அத்தை?" என்றாள்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து என்ன படித்தாள் என்று விசாரித்தேன். ஒரு கடை மாடியில் மூன்று அறை, படுக்க வைத்த பொம்மை ஒன்று, பிரஷர் மிஷின் இரண்டு. மூன்றாம் மாதத்திலிருந்து 'பிராக்டிகல்' என்று சொல்லி ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குச் சம்பளமில்லாத வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். முடித்த பிறகு அதே இடத்தில் மாதம் எட்டாயிரம் சம்பளம், வாரத்தில் நாலு நாள் நைட் டூட்டி. ராத்திரி பதினாலு நோயாளிக்கு இவள் ஒருத்தி. ஊசி போடுவதும் இவள்தான், டிரிப் ஏற்றுவதும் இவள்தான்.

என் மாமியார் சர்க்கரை நோயாளி. அவருக்காக வாங்கி வைத்திருந்த இன்சுலின் ஊசிகளில் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒன்று சிவப்பு மூடி, இன்னொன்று ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு மூடியை மருந்துக்கடையில் தவறுதலாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். "இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அம்மிணி?" திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூடி கலரு மட்டுந்தானுங்களே?"

சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இருக்கிறதுக்கு. "பாட்டில் நூறு யூனிட் பாட்டில். டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கார். நீ சிவப்பு மூடி ஊசியில இருபதாம் கோடு வரைக்கும் இழுத்துப் போட்டீன்னா எவ்வளவு உள்ள போகும்?"

"இருபதுதானுங்களே."

"அம்பது போகும் கண்ணு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. இருபது போட வேண்டிய இடத்தில் ஐம்பது யூனிட் இன்சுலின் போய்விட்டால் ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், நினைவு தப்பும். நோயாளி தூங்குகிறார் என்று நினைத்து யாரும் தொட்டுப் பார்க்காமல் விட்டால் விடியும்போது உயிரே இல்லாமல் போகலாம். "எனக்கு யாருமே இதைச் சொல்லித் தரலீங்க அத்தை" என்று அழுதாள். அவள்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. தெரியாத பிள்ளையை ராத்திரி வார்டில் தனியாக நிறுத்தியவர்கள்மேல்தான் கோபம். அந்த இடத்துக்குப் போகிற வழியை வகுப்பறைக்குள்ளேயே காட்டக் காரணமாக இருந்த உங்கள்மேல் வருத்தம். நாளைக்கு அங்கே ஒரு தவறு நடந்தால் பழியெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

நர்சு என்கிற பெயர் எப்படி வருகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒருவர் செவிலியராக வேலை பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த கவுன்சில் அது. நாடு முழுக்கப் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுத்து வந்தது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதன் இடத்தில் தேசிய ஆணையம் அமைக்க 2023-இல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. அமைப்பின் பெயர் எதுவானாலும் இந்தப் பதிவுக்குக் கொண்டுபோகிற ஆரம்பப் படிப்புகள் மூன்றுதான். இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு), மூன்று வருட ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மருத்துவச்சிப் பட்டயப் படிப்பு), நாலு வருட பி.எஸ்சி. நர்சிங். ஒரே வருடத்தில் நர்சாகப் பதிவு செய்துகொள்ளும் படிப்பு எதுவும் கிடையாது. இந்த ஒரு வரியை மட்டும் தெரிந்து வைத்திருந்தால்கூட அந்த நோட்டீஸ் உங்கள் மேஜைக்கு வந்திருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உதவியாளர் வேலை கேவலமான வேலை இல்லை. என் சர்வீசில் எத்தனையோ ராத்திரிகளை ஆயாம்மாக்களும் உதவியாளர்களும்தான் தாங்கிப் பிடித்தார்கள். ஆனால் அதை உதவியாளர் வேலை என்று சொல்லித்தான் சேர்க்க வேண்டும். நர்சு என்று ஆசை காட்டிச் சேர்த்துவிட்டு, சம்பளத்தில் உதவியாளர், ஊசி போடும்போது மட்டும் நர்சு என்று வைத்துக்கொள்வது அந்தப் பிள்ளைக்கும் துரோகம், படுத்திருக்கிற நோயாளிக்கும் துரோகம்.

அவளுக்கு வேறு இழப்பும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண். முறையான கல்லூரியில் சேர்ந்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வந்திருக்கும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்ததால் அதுவும் போயிற்று. இப்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே தொகை கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் நம் கோயமுத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். பி.எஸ்சி. நர்சிங் பையன்களும் படிக்கலாம். ஆண் செவிலியர்கள் இல்லாமல் விபத்துப் பிரிவும் மனநலப் பிரிவும் படுகிற பாட்டை நேரில் பார்த்தவள் நான். உங்கள் பள்ளிப் பையன்களிடம் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

பிளஸ் டூ முடியப் போகிற நேரத்தில் வந்து சொல்வதே காலம் கடந்த பேச்சு என்பது இன்னொரு விஷயம். பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். நர்சிங் கவுன்சில் விதிப்படி 45 சதவீத மார்க் வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. இங்கே அரசு இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி வருகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்ததும் 'உனக்கு உயிரியல் வராது' என்று வேறு குரூப்பில் தள்ளிவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு அன்றைக்கே சாத்தியாயிற்று. அப்படிக் கதவு சாத்திய பிள்ளைகளைத்தான் 'எந்த குரூப் படித்தாலும் சேரலாம்' என்று இந்த ஏஜெண்டுகள் பிடிக்கிறார்கள். குரூப் தேர்ந்தெடுக்கிற அந்த ஒரு வாரத்தில் நீங்கள் சொல்கிற சொல்லில் ஒரு பிள்ளையின் நாற்பது வருடம் இருக்கிறது.

'மார்க் வராட்டி நர்சிங் போயிக்கோ' என்று வகுப்பில் சொல்கிறவர்களும் உண்டு. நன்றாகப் படிக்கிற பெண் நர்சிங் என்று சொன்னால் 'நீ எதுக்கும்மா அதுக்குப் போற?' என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டுமே என் காதால் கேட்டவை. டோஸ் கணக்குப் போட, மானிட்டரில் ஓடுகிற கோட்டைப் படித்து டாக்டர் வருமுன்னே ஆபத்தைக் கண்டுபிடிக்க, மூன்று மணிநேரத் தூக்கத்தோடு நின்று பிரசவம் பார்க்க, தலை தெளிவாக இருக்கிற பிள்ளைகள்தான் வேண்டும். ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு என்று கவுன்சிலே விதி வைத்திருப்பது அவள் கண் ஒரு நொடியும் அகலக்கூடாது என்பதற்காக.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஓர் ஆசிரியரால். 1982-இல் பிளஸ் டூ முடித்தேன். அப்பா சென்னிமலையில் கைத்தறி நெசவு. எங்கள் விலங்கியல் வாத்தியார் கோயமுத்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய், நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கிவந்து, நேராக எங்கள் வீட்டுத் தறிக்குழிக்கே வந்து நின்றார். அப்பா தறியை நிறுத்தவில்லை. "ஊரார் சீக்கைத் தொட்டுக் கழுவற வேலைக்கா வாத்தியாரே பொட்டப்புள்ளைய இத்தனை படிக்க வெச்சேன்? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். வாத்தியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்கம்மா பெருந்துறை சானடோரியத்துல கெடந்தாங்களே, ரத்தம் ரத்தமாக் கக்குனப்போ கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னது யாருங்க?"

தறி நின்றது. அப்பாவுக்குக் காசநோய் என்றால் பயம். தூக்குப்போசியை வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தவர் அவர். கிண்ணத்தைப் பிடித்தவர் பெயர் தெரியாத ஒரு நர்சு. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார்.

அந்தப் பயிற்சியின் முதல் வருடம் முழுக்க நாங்கள் கற்றது படுக்கை விரிப்பதும், படுத்த நோயாளியைக் குளிப்பாட்டுவதும், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு முதுகைத் துடைப்பதும்தான். முதுகெலும்பு அடிபட்டு நாலு மாதம் கிடந்த மரமேறி ஒருவருக்குக் கடைசி வரை ஒரு புண்கூட வரவில்லை. வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அவர் மனைவி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊசி போடக் கையில் கொடுத்ததெல்லாம் அப்புறம்தான், அதுவும் பக்கத்தில் சிஸ்டர் டியூட்டர் நின்றுகொண்டு. மூன்று, நாலு வருடம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். இதை ஒரு வருடத்தில் சுருக்க முடியாது.

நம் பகுதிக்கு இந்த ஏமாற்று புதிதும் இல்லை. 'மூன்று வருடம் மில்லில் வேலை பார், முடிவில் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும்' என்று சுமங்கலித் திட்டத்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து விடுதியில் அடைத்தது இந்த மண்ணில்தான். நான் தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பஞ்சு தூசு இருமலோடும், ரத்தம் சுண்டிய முகத்தோடும் வந்த மில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். மூன்று வருடம் நிறைய ஒரு மாதம் இருக்கும்போது வெளியே அனுப்பப்பட்டவள் ஒருத்தி என் வார்டில் இருந்தாள். அன்றைக்கு ஏஜெண்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தான். இன்றைக்கு வகுப்பறைக்கே வருகிறான். திண்ணைக்கு வருகிறவனை அம்மா சந்தேகப்படுவாள். வாத்தியார் பக்கத்தில் நிற்கிறவனை எந்த அம்மாவும் சந்தேகப்பட மாட்டாள். "பள்ளிக்கூடத்துலயே வந்து சொன்னாங்கல்லோ சாமி, அதான் நம்பிக் கட்டுனோம்" என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

முறையாகப் படித்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி அரசு வேலைக்கு வந்த பிள்ளைகளே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். நிரந்தரத்துக்காக வருடக்கணக்கில் போராடினார்கள். கொரோனா வார்டில் கவச உடைக்குள் வெந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது பல இடங்களில் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. நைட் டூட்டி உண்டு. பொங்கல் நோம்பிக்கு வீட்டில் இருக்க முடியாது. கால் நரம்பு சுருண்டுகொள்ளும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லத்தான் நான் அந்த ஒரு பீரியடைக் கேட்டேன். ஏஜெண்டு இதைச் சொல்ல மாட்டார். ஆனால் கவுன்சில் பதிவு இருக்கிற பிள்ளை போராடலாம், தேர்வு எழுதலாம், மேலே படிக்கலாம், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக ஜெர்மனிக்கோ வளைகுடாவுக்கோ போகலாம். பதிவு இல்லாத பிள்ளைக்குப் போராடுவதற்குக்கூடக் கையில் ஒன்றும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

நர்சிங் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவரையும், உங்களுக்கு எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அவர்கள் நிறுவனத்தின் பெயரை நீங்களே பார்க்காமல் வகுப்புக்குள் விடாதீர்கள். பட்டியல் கவுன்சில் இணையதளத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. எந்த மருத்துவமனையில் பயிற்சி, அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். முடித்தால் கவுன்சில் பதிவு கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளின் பெயரையும் போன் நம்பரையும் எந்த நிறுவனத்துக்கும் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது பெற்றோர் உங்களை நம்பிக் கொடுத்தது. யாராவது ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருமுன், எந்தப் படிப்புக்கு எந்த குரூப் வேண்டும் என்று பெற்றோரைக் கூட்டி ஒருநாள் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள்.

கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் பள்ளியிலிருந்து 'ஒரு வருட நர்சிங்' சேர்ந்த பிள்ளைகள் யார் யார் என்று தேடிக் கூப்பிடுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். இப்போதும் அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கட்டின பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திரும்ப வாங்க நீங்கள் கூட நில்லுங்கள். உங்கள் கையெழுத்திட்ட கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு அந்தத் தாயின் கண்ணீருக்கு அங்கே இல்லை. உயிரியல் படித்த பிள்ளைகள் அடுத்த கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அந்தப் பெண் விண்ணப்பிக்கப் போகிறாள். விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து பூர்த்தி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற செவிலியரை வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்குக் கூப்பிடுங்கள். அவருக்கு டூட்டி ஒத்துவராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை, பெருந்துறை வட்டாரத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் என் செலவில் பஸ் ஏறி வருகிறேன். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி ஊசி இரண்டையும் கையோடு கொண்டுவருகிறேன்.

நான் அனுமதி கேட்ட அந்தப் பள்ளிக்கு மட்டும் தனியாக ஒன்று. போன் நம்பர் கொடுத்த பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்நேரம் அழைப்பு போய்க்கொண்டிருக்கும். முன்பணம் கட்டுமுன் அந்த வகுப்பைக் கூட்டி ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். அரையாண்டுத் தேர்வு தொடங்குமுன் எனக்கு ஒரு நாளும் ஒரு பீரியடும் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருத்தி,
காங்கயம் வட்டாரம்